மலைக்கு வாங்கிய சாமான் புயலுக்குத் தாங்குமா? கேம்பிங் பொருட்களை நம்புவதில் நேரும் தவறுகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று டெல்டா முழுக்கச் சாய்ந்த மின்கம்பங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. டவுன்களுக்குச் சில நாளில் கரண்ட் வந்துவிட்டது. உள்கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா சென்னையையே இருட்டாக்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. கிழக்குக் கடற்கரையில் குடியிருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை என்றால் பல நாள் கரண்ட் இல்லாமல் இருக்கத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் கொடைக்கானல், ஏலகிரி, கொல்லிமலை என்று டென்ட் போட்டுத் தங்கப் போகிற பழக்கம் நம்மிடம் பரவிவிட்டது. பரணில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், கேன் அடுப்பு, ஹெட் டார்ச், பவர் பேங்க் எல்லாம் இருக்கின்றன. "புயல் வந்தால் இதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிற வீடுகள் நிறைய. பாதி உண்மைதான். அந்த இன்னொரு பாதியில்தான் உயிருக்கே ஆபத்தான தவறுகள் இருக்கின்றன.

மலையேறுகிறவருக்கு முதல் கவலை எடை. முதுகில் சுமக்க வேண்டும், ஓரிரு ராத்திரி தாங்கினால் போதும். அதற்காகச் செய்யப்பட்ட சாமான்கள் இவை. புயலில் மாட்டிய வீட்டுக்கு எடையைப் பற்றிக் கவலையே இல்லை. அங்கே கவலை நாட்கள்தான்: ஐந்து பேர், ஒரு வாரம், புழுக்கம், கொசு, சாக்கடை கலந்த தண்ணீர். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை இந்த வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அடுப்பு

புயல் எச்சரிக்கை வந்ததும் பலர் ஆன்லைனில் தேடுவது பியூட்டேன் கேன் செருகும் சின்ன அடுப்பை. நம் வீடுகளுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் அதுதான். சமையலறையில் இருக்கும் கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். தானாகப் பற்றும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் தீப்பெட்டி போதும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அந்த கேன் ஒன்றில் இருப்பது சுமார் 230 கிராம். முழுத் தீயில் ஒரு கேன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எரியும். ஒரு சிலிண்டருக்கு ஈடாக 60 கேன் அடுக்க வேண்டும். அடுப்புக்குச் செலவழிக்கும் பணத்தில், புக் செய்து வைத்த மாற்று சிலிண்டர் ஒன்று கையில் இருப்பது எவ்வளவோ மேல். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் 5 கிலோ சிலிண்டரைப் பற்றி யோசிக்கலாம்.

கேன் அடுப்புதான் இருக்கிறது என்றால் இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. கேன் இருக்கும் பகுதியையும் மூடும் அளவுக்கு அகலமான தோசைக்கல்லோ அண்டாவோ அதன் மேல் வைக்கக் கூடாது. சூடு திரும்பி கேனில் இறங்கும், கேன் வெடிக்கும். குழந்தைக்கு வெந்நீர், பெரியவர்களுக்குக் கஞ்சி என்று இரண்டு அடுப்பை ஒட்டி ஒட்டி வைப்பதிலும் இதே ஆபத்து. காலி கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் நிரப்பித் தரும் கடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த கேன் ஒருமுறை பயன்படுத்தச் செய்தது, வீட்டு கேஸின் அழுத்தத்தைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. புயல் நேரத்தில் ஜன்னல்களை அடைத்து வைத்திருப்போம். அந்த அறைக்குள் கரியடுப்பையோ, பார்பிக்யூ தட்டையோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது, அப்படியே நினைவு தப்பிவிடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பனிப்புயலால் கரண்ட் போனபோது, குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி எரித்தவர்களும், மூடிய கார் ஷெட்டில் காரை ஓடவிட்டவர்களும் இந்த வாயுவால் இறந்தார்கள். நமக்குக் குளிர் காய வேண்டிய தேவை இல்லை. ஆனால் மழைக்கு ஒதுங்கி வராந்தாவிலும் பால்கனியிலும் ஜெனரேட்டர் ஓட்டும் பழக்கம் இருக்கிறது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாதபடி இருக்க வேண்டும். டென்டுக்குள் எந்த அடுப்பும் எரியக் கூடாது, டென்ட் ஹாலில் நின்றாலும் சரி, மொட்டை மாடியில் நின்றாலும் சரி.

பேட்டரிக் கணக்கு

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 5,000 எம்.ஏ.எச். போன், ஆகவே நான்கு முறை சார்ஜ் என்று கணக்குப் போடுகிறோம். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்லப்பட்டது. வாட்-மணியில், அதாவது எத்தனை வாட்டை எத்தனை மணி நேரம் தரும் என்ற கணக்கில், 74. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நடைமுறையில் மூன்று முறை சார்ஜ் ஏறினால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு போன் இருக்கும் வீட்டுக்கு அது ஒரு நாள் கணக்குகூட இல்லை. ஒரே ஒரு போனை மட்டும் ஆன் செய்து, மற்றவற்றை அணைத்து வைக்கும் வீடுதான் நான்காவது நாளும் பேச முடிகிற வீடு.

இப்போது பலர் வாங்கும் பவர் ஸ்டேஷன் பெட்டிக்கும் இதே கணக்குதான். 500 வாட்-மணிப் பெட்டியில் கைக்கு வருவது சுமார் 420. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், ஐந்தரை மணி நேரத்தில் பெட்டி காலி. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 14 மணி நேரம். பெரிய பெட்டி வாங்கும் முன் ஃபேனை மாற்றுவது புத்திசாலித்தனம்; வீட்டு இன்வெர்ட்டருக்கும் அது உதவும். ஃபிரிட்ஜை இந்தப் பெட்டியில் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அது ஒரு நாளைக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை, அதாவது 500 முதல் 1,000 வாட்-மணி வரை சாப்பிடும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், சின்னப் பெட்டிகள் அதிலேயே டிரிப் ஆகிவிடும். ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்குள் பாலையும் மீனையும் தீர்த்துவிடுவதுதான் வழி.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று: அது பெரும்பாலும் தரைத் தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும். வெள்ளம் முதலில் தொடும் இடமும் அதுதான். எச்சரிக்கை வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேசை உயரத்துக்கு மேல் ஏற்றி வையுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்தோ பவர் ஸ்டேஷனிலிருந்தோ சுவர் பிளக் பாயிண்டில் செருகி, வீடு முழுக்க லைட் எரியவிடுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தெரிகிறது. அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வீட்டின் 230 வோல்ட்டைத் திருப்பி 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதைத் தொடுவார். கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படி வருகிறவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் இணைக்க வேண்டுமானால் தெருக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் முறையான சேஞ்ச் ஓவர் சுவிட்சை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நேரடியாக மாட்டி, தேவையான ஒன்றிரண்டை மட்டும் ஓட்டுங்கள்.

மடக்கு சோலார் பேனல் நல்ல சாமான், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 100 வாட் என்று எழுதியிருப்பது உச்சி வெயிலில்கூட 60, 70 வாட் அளவில்தான் தரும். கனத்த மேகத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. புயல் நாளுக்கும் மறுநாளுக்கும் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வானம் வெளுத்த பிறகுதான் அதற்கு வேலை. அப்போதும் பவர் பேங்கை பேனலோடு வெயிலில் போடாமல் நிழலில் வையுங்கள்.

தண்ணீர்

மலை ஓடையில் முக்கி உறிஞ்சிக் குடிக்கும் வடிகட்டிக் குழாயை வெள்ளத் தண்ணீருக்கு நம்புவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அதன் துளைகள் பெரும்பாலும் 0.1 மைக்ரான். பாக்டீரியா நிற்கும், வைரஸ் நழுவிப் போகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் வைரஸ்கள், சாக்கடை கலந்த தண்ணீரில் வருபவை. பூச்சிமருந்து, டீசல் போன்றவற்றையும் அது நிறுத்தாது. துணியில் வடிகட்டி, கொப்பளித்து ஒரு நிமிடமாவது கொதிக்க விட்ட தண்ணீர் நோய்க்கிருமிகளுக்குப் போதும்; ரசாயனம் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை. கடல் ஏறிய கிணற்றின் உப்பும் அப்படித்தான், வடிகட்டியாலும் போகாது, கொதித்தாலும் போகாது.

உண்மையான பிரச்சினை மோட்டார். கரண்ட் இல்லையென்றால் போர்வெல் தண்ணீர் மேலே ஏறாது, ஆர்.ஓ. மெஷினும் ஓடாது. கஜா நாட்களில் ஜெனரேட்டரை வண்டியில் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டு மோட்டாராக ஓட்டித் தொட்டி நிரப்பித் தந்தார்கள், காசுக்குத்தான். எனவே மேல் தொட்டியை முன்னாடியே நிரப்பிவிடுங்கள். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏழு. கேம்பிங் சாமானில் இதற்கு உண்மையில் உதவுவது மடக்கி வைக்கும் 10 லிட்டர் தண்ணீர்ப் பை. நிவாரண லாரியிலிருந்து மாடிக்குச் சுமக்கக் குடத்தைவிட வசதி.

தூக்கம், கொசு, கூரை

ஸ்லீப்பிங் பேக் பரணிலேயே இருக்கட்டும். டென்டை எடுங்கள், ஆனால் மேல் மழைத்துணியைக் கழற்றிவிட்டு, உள் வலையை மட்டும் ஹாலில் நிறுத்துங்கள். ஆணி வேண்டாம், கயிறு வேண்டாம், நான்கு பக்கமும் அடைத்த கொசுவலை தயார். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கு இது பெரிய உதவி. மழைத்துணியோடு போட்டால் நம் புழுக்கத்தில் உள்ளே இருக்க முடியாது.

பறந்த கூரைக்கு டென்ட் துணி பதில் ஆகாது. அதற்கு விவசாயிகள் நெல் மூட வைத்திருக்கும் கனமான தார்ப்பாய்தான் வேண்டும். கஜாவுக்குப் பிறகு ஜனங்கள் முதலில் கேட்ட பொருட்களில் ஒன்று அது. காற்று அடிக்கும்போது அதைக் கட்ட ஏறாதீர்கள். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முடிந்துவிட்டது என்று வானிலை மையம் சொன்ன பிறகுதான் கூரைப் பக்கம் போக வேண்டும்.

வெளிச்சத்தில் அதிகம் தவறு நடப்பதில்லை. ஹெட் டார்ச் மெழுகுவத்தியைவிட எல்லா விதத்திலும் மேல், இரண்டு கையும் சும்மா இருக்கும், தீப்பிடிக்காது. பேட்டரியை உள்ளேயே விட்டு வருடக்கணக்கில் பரணில் போட்டால் கசிந்து அரித்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். கூடவே செல் போட்ட ரேடியோ ஒன்று. டவரின் பேட்டரி தீர்ந்தால் முழு சார்ஜ் உள்ள போனும் ஊமைதான்.

இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கும் வீட்டில் ஐஸ் பாக்ஸ் கட்டாயம் என்று நினைத்து, மருந்தை ஐஸ் கட்டி மேலேயே வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, ஐஸைத் தொடாமல் வைக்க வேண்டும். தண்ணீரில் நனைத்துக் குளிர வைக்கும் பைகள் உண்டு. மண்பானையும் அதே முறையில்தான் குளிர்கிறது. மழைக்காலத்துக் கடலோர ஈரக் காற்றில் இரண்டின் குளிர்ச்சியும் குறையும். திறந்த பாட்டில் உங்கள் வீட்டு வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் புரட்டாசியிலேயே கேட்டு, பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் வாங்கி அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைப்பது கடைசித் தவறு. லித்தியம் பேட்டரிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும், முழுக் காலியாகக் கிடந்தால் செத்துவிடும். மழை தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மெயினை இறக்கிவிட்டு, ஞாயிறு காலை வரை வீடு முழுக்க அப்படியே இருந்து பாருங்கள். எந்த ஒயர் எந்த போனுக்குப் பொருந்தவில்லை, ராத்திரி பாட்டி பாத்ரூம் போக எங்கே வெளிச்சம் இல்லை, மேல் தொட்டி எவ்வளவு இறங்கியது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். மின்வாரியப் புகாருக்கான மின்னகம் எண் 94987 94987, மாவட்டப் பேரிடர் எண் 1077. இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியைப் பார்த்தால் கிட்டே போகாமல் அழைக்க வேண்டிய எண்கள் இவை.