ஓபியாய்டு சிகிச்சை: முதல் மாத்திரையில் கோட்டை விடாதீர்கள்

ஓபியாய்டு (மார்ஃபின், ஹெராயின் போன்றவை) பழக்கத்துக்குச் சிகிச்சை தரப் பயிற்சி பெறும் மருத்துவர்களும் செவிலியர்களும் புதிதாக ஒரு தவறையும் கண்டுபிடிப்பதில்லை. பயிற்சி தருபவர்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. மருந்துப் பெயரை மாற்றி எழுதுவது, அளவில் புள்ளியை விட்டுவிடுவது போன்றவற்றைச் சரிபார்ப்புப் பட்டியலே பிடித்துவிடும். பட்டியலில் சிக்காதவை இவை.

உடல் பழகியதை நோய் என்று எழுதுவது

வலிக்காக ஆறு மாதம் மார்ஃபின் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வியர்க்கும், வயிற்றைப் புரட்டும். உடல் மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவே. மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 தரும் 11 அளவுகோல்களில் குறைந்தது 2, 12 மாதத்துக்குள் பொருந்தினால்தான் அது பயன்பாட்டுக் கோளாறு. 6 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிரம். மருத்துவர் சொன்னபடி எடுப்பவரிடம் தாங்குதிறன் கூடுவதையும் (அதே பலனுக்கு அதிக அளவு தேவைப்படுவது) விலகல் அறிகுறிகளையும் (நிறுத்தும்போது வரும் தொல்லைகள்) இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கடிகாரத்தைப் பார்த்து புப்ரினார்பின் தருவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். "கடைசியா நேத்து ராத்திரி எடுத்தேன்" என்கிறார் நோயாளி. 12 மணி நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டு இந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரினார்பினில் 4 மி.கி.யை நாக்கின் கீழ் வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிடுகிறார்.

புப்ரினார்பின் ஓபியாய்டு ஏற்பிகளை (உடலில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் இடங்களை) மிக இறுக்கமாகப் பற்றும், ஆனால் பாதி அளவுக்குத்தான் தூண்டும். ஹெராயின் இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தால், அதைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். முழுத் தூண்டலிலிருந்து ஒரே வீச்சில் பாதிக்கு இறங்குவதை உடல் தாங்காது. ஏற்பிகள் காலியாகத் தொடங்கிய பிறகு கொடுத்தால், அதே மாத்திரை நோயாளியை மேலே தூக்கிவிடும். புப்ரினார்பினோடு கலந்த கூட்டு மாத்திரையில் உள்ள, ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்சோன்தான் காரணம் என்று பலர் பழியை அதன்மேல் போடுகிறார்கள். நாக்கின் கீழ் நலாக்சோன் மிகக் கொஞ்சமே உடலில் சேரும்; தள்ளிவிடுவது புப்ரினார்பின்தான்.

மணிக்கணக்கு ஒரு தோராயம் மட்டுமே. ஹெராயினுக்கு 12 மணி நேரம் என்றால், நெடுநேரம் வேலை செய்யும் ஓபியாய்டான மெத்தடோனுக்கு 24-க்கும் மேல், பலருக்கு 36 முதல் 72 வரை ஆகும். வீரியமிக்க ஓபியாய்டான ஃபென்டனைலைத் தொடர்ந்து எடுத்தவருக்கு அது கொழுப்பில் தங்கி மெல்லக் கசியும். அவரிடம் 12 மணி நேரக் கணக்கு பொய்த்துவிடும்.

எனவே விலகல் அறிகுறிகளை அளக்கும் கௌஸ் (COWS) அட்டவணையில் மதிப்பெண் போடுங்கள். 11 அம்சங்கள், மொத்தம் 48. குறைந்தது 12 வரட்டும். அதிலும் வாயால் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பதற்கு எடை கொடுங்கள். பதற்றம், மூட்டுவலி இரண்டும் பெரும்பாலும் நோயாளி சொல்லித்தான் தெரியும். அவர் அவசரத்தில் இருக்கிறார். விரிந்த கண்மணி, மயிர்க்கூச்சு, கொட்டாவி, ஒழுகும் மூக்கு ஆகியவை பொய் சொல்லாது. ஒரு நிமிடம் உட்காரவைத்த பிறகே நாடி பாருங்கள். படியேறி வந்தவரின் நாடி கூடுதலாகத்தான் இருக்கும்.

முதல் அளவு 2 முதல் 4 மி.கி. வாய் உலர்ந்திருந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மாத்திரை கரையும்வரை பேச்சும் விழுங்கலும் வேண்டாம். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி மதிப்பெண் போட்டு, தேவைக்கேற்பக் கூட்டுங்கள். முதல் நாள் 4 மி.கி.யோடு அனுப்பிவிடுவது அடுத்த அசட்டுத்தனம். அன்றிரவே ஏக்கம் தலைதூக்கும். பலருக்கு நாளொன்றுக்கு 16 மி.கி. தேவைப்படுகிறது.

அவசரப்பட்டுக் கொடுத்து நோயாளி சுருண்டுவிட்டால் பின்வாங்காதீர்கள். பெரும்பாலும் மேலும் புப்ரினார்பின் தருவதுதான் வழி. கூடவே விலகல் அறிகுறிகளைத் தணிக்கும் குளோனிடினும் வாந்தி நிறுத்தும் மருந்தும் கொடுக்கலாம். இங்கே கைவிட்டால், "அந்த மருந்து எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பல மாதம் திரும்பிப் பார்க்கமாட்டார்.

சிறுநீர்ச் சோதனையை நம்பித் தீர்ப்பு எழுதுவது

சாதாரண ஓபியேட் பட்டை மார்ஃபினையும் கோடீனையும் பிடிக்கும். ஃபென்டனைல், மெத்தடோன், டிரமடால், புப்ரினார்பின் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை வேண்டும். கசகசா சாப்பிட்டவருக்கும் ஓபியேட் இருப்பதாகக் காட்டலாம்.

"ஆலோசனைக்கு வந்தால்தான் மாத்திரை"

இந்த நிபந்தனை வேண்டாம்.

பத்து நாளில் நச்சு நீக்கி அனுப்புவது

தாங்குதிறன் சில நாட்களிலேயே இறங்கிவிடும். வெளியே போய்ப் பழைய அளவை எடுத்தால் மூச்சு நிற்கும். மருந்தைத் தொடருங்கள்.

நலாக்சோனில் விழித்தவரை வீட்டுக்கு அனுப்புவது

ஓபியாய்டு அளவு மீறி மயங்கியவரை எழுப்பும் நலாக்சோன் ஊசி 30 முதல் 90 நிமிடம் வேலை செய்யும். மெத்தடோன் ஒரு நாளுக்கு மேல் உடலில் இருக்கும். எழுந்து நடந்தவர் வாசலைத் தாண்டியதும் மறுபடி சாயலாம். சில மணி நேரம் மூச்சை எண்ணிக்கொண்டு வைத்திருங்கள். அனுப்பும்போது நலாக்சோனை அவரிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் கொடுத்து, பயன்படுத்திக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.