பிள்ளைகளைச் சிலம்பம் பழக அனுப்புமுன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளைச் சிலம்பத்திலோ கராத்தேயிலோ சேர்க்கும் பெற்றோர், வாத்தியாரைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு அவர் பழக்கும் தரையைப் பற்றி விசாரிப்பதில்லை. இப்பகுதியின் செம்மண் பொட்டல் வெயிலில் இறுகிவிடும். அதில் கிடக்கும் சரளைக்கல் வெறுங்காலோடு காலடி பழகும் பிள்ளையின் கணுக்காலைப் பிசகச் செய்யும். கல் பொறுக்கி, மணல் பரப்பிய இடமே ஏற்றது. பழைய வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பழகுவதென்றால், வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வியர்வை சிந்தினால் கால் வழுக்கும், சுற்றிலும் தூண்கள் நிற்கும் என்பதால், கம்பு வீச்சை வெளியில் வைத்துக்கொள்வதே முறை.

தொடக்கநிலைப் பிள்ளைக்கு நெற்றி மட்டத்தைத் தாண்டாத, எடை குறைந்த பிரம்பு போதும். பழகத் தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் கம்பைத் துணியால் தடவிப் பார்த்து, கீறலோ சிலாம்போ தென்பட்டால் ஒதுக்கிவிட வேண்டும். கீறலின்மேல் டேப் சுற்றிப் புழங்குவதை ஏற்கவே கூடாது. முனையில் உலோகப் பூண் போட்ட கம்பை இருவர் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. தனித்தனியே கம்பு சுற்றும் பிள்ளைகள், இருவரும் கையை நீட்டி வீசினாலும் கம்புகள் தொட்டுக்கொள்ளாத தொலைவில் நிற்க வேண்டும்.

ஜோடி சேர்க்கும்போது வயதை மட்டும் பார்ப்பது தவறு; உயரம், எடை, பழகிய காலம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். கண்ணையும் காக்கும் தலைக்கவசம் அவசியம் என்றாலும், அது வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர, மண்டைக்குள் மூளை அதிர்வதை முழுமையாகத் தடுக்காது.

தலையில் அடிபட்ட பிள்ளையை, மயங்கி விழவில்லை என்பதற்காக மீண்டும் களத்தில் இறக்குவதே நான் மிகவும் அஞ்சும் வழக்கம். நினைவு தப்பாமலேயே மூளை அதிர்ச்சி ஏற்படலாம். தலைவலி, தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது போன்ற அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். எனவே ஐயம் எழுந்தாலே அன்றைய பயிற்சி முடிந்தது. பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல், நடந்ததைப் பெற்றோரிடம் நேரில் சொல்லி மருத்துவரிடம் காட்டச் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம், கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், போட்டி நெருங்கினாலும் மருத்துவர் ஒப்புதலின்றிப் பிள்ளையைக் கம்பெடுக்க விடக் கூடாது.

சித்திரை, வைகாசியில் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றி, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் கொடுக்க வேண்டும்.

திருவிழா மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் சிறு பிள்ளைகள் தீப்பந்தக் கம்பு சுற்றுவதும், கையால் ஓடு உடைப்பதும் கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் உள்ள வளர்தகடுகள் மென்மையானவை. அவை நசுங்கினால் எலும்பின் வளர்ச்சியே கோணலாம். இத்தகைய வித்தைகளுக்குப் பெற்றோர் உறுதியாக மறுப்புச் சொல்லலாம்; நல்ல ஆசான் அதற்காக வருந்தமாட்டார்.

பயிற்சி நடக்கும் இடத்துக்குப் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்திப் பழக்குவதையும், தண்டனையாகக் கம்பால் அடிப்பதையும் ஏற்கக் கூடாது. தவறான தொடுதல் பற்றிப் பிள்ளை சொன்னால் அதை நம்ப வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.