முன்செயலாக்கிய மூளைப் படிமங்களை எஃப்.எஸ்.எல்.லுக்குக் கொண்டுசெல்லும் முறை

ராயபுரத்தில் என்னிடம் மூளைப் படிம ஆய்வு பழகும் மாணவர்களில் பலர் இடறுவது ஒரே இடத்தில்தான். மூளைப் படிமங்களை முன்செயலாக்கும் எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற மென்பொருள் ஏற்கெனவே எம்.என்.ஐ. வெளிக்கு (வெவ்வேறு மூளைகளை ஒப்பிட உதவும் பொது ஆயத்தளத்துக்கு) மாற்றிய படங்களுக்கு, எஃப்.எஸ்.எல். என்ற பகுப்பாய்வு மென்பொருள் தொகுப்பின் ஃபீட் கருவியில் தலை அசைவுத் திருத்தத்தை மீண்டும் செய்யக் கூடாது. எனினும் எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்மையாக்கம் (அண்டைப் புள்ளிகளின் மதிப்புகளைக் கலந்து இரைச்சலைக் குறைத்தல்) செய்வதில்லை என்பதால், அதை நாமே செய்தாக வேண்டும்.

பொருத்தலை, அதாவது ஒரு படத்தை மற்றொன்றின்மேல் ஒன்றவைப்பதை, சரிசெய்யும் படி மிக முக்கியமானது. ஒவ்வொரு ஓட்டத்தையும் தனியே ஆராயும் முதல்நிலைப் பகுப்பாய்வைப் பொருத்தலுடன் ஓட்டி முடித்தபின், ஒவ்வொரு ஃபீட் கோப்புறையின் ‘ரெக்’ உட்கோப்புறையிலும், செயற்பாட்டுப் படத்தைத் தரப் படத்துக்கு (ஒப்பீட்டுக்கான பொது மூளைப் படத்துக்கு) மாற்றும் அணியை நீக்கி எதையும் நகர்த்தாத அலகு அணியையும், தரப் படத்தின் இடத்தில் அதே ஓட்டத்தின் சராசரிப் படத்தையும் வைத்தால், ஓட்டங்களை ஒன்றுசேர்க்கும் இரண்டாம்நிலையில் படிமங்கள் இடம்பெயராமல் இருக்கும். ‘ரெக்_ஸ்டாண்டர்ட்’ கோப்புறை முன்பே உருவாகியிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

எஃப்எம்ஆர்ஐபிரெப் தரும் குழப்பக் காரணிகளின் (தலை அசைவு போன்று அளவீட்டைக் கெடுப்பவற்றின்) அட்டவணையில், முந்தைய நேரப்புள்ளியிலிருந்து மாறிய அளவைக் காட்டும் வேறுபாட்டு நிரல்களின் முதல் வரிசையில் மதிப்பு இராது. அங்கே 0 இடவும்.