கிட்டத்தட்ட ஏழு மாதம் இமாச்சல மலையில் தனியாக: வேலை பார்த்துக்கொண்டே பயணம் போவது எப்படி?

"அவ்வளவு நாள் லீவு எப்படிக் கிடைச்சுது?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் லீவே எடுக்கவில்லை. வீடியோக்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். லேப்டாப்பும் இணையமும் இருந்தால் போதும். ஏப்ரல் முதல் வாரம் மதுரையில் ரயில் ஏறியவள் அக்டோபர் கடைசியில்தான் வீடு திரும்பினேன். இத்தனை மாதத்தில் நான் தங்கியது நாலே நாலு ஊர்: பீர், தரம்கோட், காசா, ஜிபி.

ஏழு மாதத்துக்கு நாலு ஊர் என்ற கணக்கை முதலில் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடினால் வேலை கெடும், உடம்பு படுத்தும், காசெல்லாம் பேருந்திலேயே கரையும். ஒரே ஊரில் ஒரு மாதம் உட்கார்ந்தால் வாடகை இறங்கும், கடைக்காரருக்கு முகம் பழகும், எந்த மலையில் எத்தனை மணிக்கு மேகம் இறங்கும் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரே கணக்கை வைத்துத்தான்.

படி 1: வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

நேரலை வேலை, கோப்பு வேலை என்று நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். மீட்டிங், ஆன்லைன் டியூஷன், வாடிக்கையாளர் அழைப்பு இதெல்லாம் நேரலை; சொன்ன நிமிஷத்தில் இணையம் இருந்தாக வேண்டும். எழுத்து, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, கணக்கு இதெல்லாம் கோப்பு. ராத்திரி முடித்துக் காலையில் அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. நேரலை வேலை அதிகமுள்ள மாதங்களை பீர், தரம்கோட் மாதிரி இணையம் நன்றாக வரும் ஊருக்கு ஒதுக்குங்கள். காசா மாதிரி உயரமான இடத்துக்குக் கோப்பு வேலை மட்டும் எடுத்துப் போங்கள். அங்கே மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கையிருப்பு: மூன்று மாதச் செலவு தனியாக வங்கியில் இருக்கட்டும். எனக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அதில் அறை வாடகை ஒன்பதாயிரம், சாப்பாடு எட்டாயிரம். மற்றது பேருந்து, ரீசார்ஜ், மருந்து, மலையேற்றம். சீசனுக்கும் ஊருக்கும் தகுந்தபடி இது கூடும், குறையும்.

படி 2: ஊரில் இருக்கும்போதே கால்களைப் பழக்குங்கள்

புது ஷூவை நேராக இமயமலைக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு மாதமாவது போட்டு நடந்து, கொப்புளம் வருவதெல்லாம் இங்கேயே வந்து போகட்டும். கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிக்கட்டு. முதுகில் பையோடு இறங்கி ஏறிப் பாருங்கள், முழங்கால் எப்படி இருக்கிறதென்று அது சொல்லிவிடும். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். காட்டுப் பாதையில் நடந்தே பழக்கமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

படி 3: பை

ஐம்பது லிட்டர் பை. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நாம் பருத்தி உடுத்தி வளர்ந்தவர்கள், ஆனால் மலையில் வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும். உடலோடு ஒட்டிய உள்ளாடைக்கு கம்பளியோ செயற்கை இழையோ, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் விளக்கு கட்டாயம், ஏன் என்று படி 6-ல் சொல்கிறேன்.

இரண்டு நிறுவனத்து சிம் இருக்கட்டும், அதில் ஒன்று போஸ்ட்பெய்டு. பிறகு லடாக்குக்கோ காஷ்மீருக்கோ போக நினைத்தால், வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

படி 4: பீர் போய்ச் சேருங்கள்

முதல் ஊராக நான் பீரைத்தான் சொல்வேன். சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், மூச்சுத் திணறாது. ஏப்ரலில் குளிரும் தாங்கும். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன் போய், அங்கிருந்து ராத்திரிப் பேருந்து பிடித்தால் காலையில் பீர். சென்னைக்காரர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் உள்ளவர்கள் வாரம் ஒரு முறை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறி நேராகப் பதான்கோட்டிலேயே இறங்கி, மண்டி போகும் பேருந்தைப் பிடிக்கலாம்.

பீருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பைஜ்நாத். 1204-ல் கட்டிய சிவன் கோயில். பைஜ்நாத் என்றால் வைத்தியநாதர். நம் வைத்தீஸ்வரன் கோயிலில் இருப்பவரும் அவரே. வீட்டை விட்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் கல் படியில் உட்கார்ந்தபோதுதான் நெஞ்சுக்குள் இருந்த படபடப்பு அடங்கியது.

படி 5: அறை பார்ப்பது

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். மற்ற எதில் தப்புச் செய்தாலும் சமாளித்துவிடலாம், அறையில் தப்புச் செய்தால் வேலையே போய்விடும். ஆன்லைனில் மாத வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் மூன்று நாள் ஹாஸ்டலில் ஒரு கட்டில் போதும். அந்த மூன்று நாளும் ஊருக்குள் நடந்து, வீடு வீடாகக் கேளுங்கள்.

அறையைக் காட்டும்போது எல்லாரும் ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டுவார்கள். பார்த்து ரசித்துவிட்டு ஜன்னலை மூடுங்கள், கதவையும் சாத்துங்கள். மேஜை எங்கே போடப் போகிறீர்களோ அங்கே உட்கார்ந்து போனில் இணைய வேகம் பாருங்கள். வாசலில் நன்றாக வருவது கல் சுவருக்குள் வராது. பதிவேற்றும் வேகம் நொடிக்கு ஐந்து மெகாபிட் (5 Mbps) இருந்தால் வீடியோ அழைப்புக்குப் போதும். காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள்; விருந்தாளிகள் எல்லாம் அறைக்குத் திரும்பும் ராத்திரியில்தான் அதன் உண்மையான வேகம் தெரியும். தோழியைக் கூப்பிட்டு இருபது நிமிஷம் வீடியோவில் பேசுங்கள். மின்சாரம் போனால் ரூட்டருக்கு இன்வெர்ட்டர் உண்டா என்று கேளுங்கள். முதுகு சாயும் நாற்காலி இருக்கிறதா, சுவிட்ச் மேஜைக்குப் பக்கத்திலா, வெந்நீர் வருமா, உள்ளிருந்து தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

முதலில் நான் எடுத்த அறையில் இதில் பாதியைச் செய்யவில்லை. சாயங்காலம் மழை பிடித்தது, இணையம் போனது, அன்று ராத்திரி அனுப்ப வேண்டிய கோப்பு மறுநாள் மதியம்தான் போனது. நாலு வருஷமாக வேலை தந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டது இன்றும் வலிக்கிறது.

இரண்டாவதாகக் கிடைத்தது ஒரு வீட்டின் மாடி. வீட்டுக்கார ஆன்ட்டி முதல் நாளே கேட்டார், "தனியாவா வந்தே பேட்டா? ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவே?" அது வேவு பார்ப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் இருக்கும் குடும்ப வீடாகப் பார்த்துத் தங்குங்கள். நீங்கள் திரும்பும் நேரம் தெரிந்த ஒரு ஆள் அந்த ஊரில் இருப்பது பெரிய பாதுகாப்பு. குளிர் நாளில் அந்த ஆன்ட்டி சித்து அவித்துத் தருவார். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேக வைப்பது. பிய்த்தால் உள்ளே பருப்பு, மேலே உருகிய நெய். கொழுக்கட்டை தின்று வளர்ந்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

பீரில் எல்லாரும் பாராகிளைடிங் போவார்கள். சுமார் 2,400 மீட்டரில் இருக்கும் பில்லிங்கிலிருந்து பைலட்டோடு சேர்ந்து பறந்து பீரில் இறங்குவது. 2015-ல் இங்கே உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. பைலட்டின் உரிமத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள், காற்று சரியில்லை என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை.

படி 6: முதல் மலையேற்றம்

மே நடுவில் தரம்கோட்டுக்கு மாறினேன். அங்கிருந்து ஏறும் திரியுண்ட் என்ற மலைமுகடு சுமார் 2,850 மீட்டர். ஏற மூன்று நாலு மணி நேரம். பாதை தெளிவானது, முதல் முறை போகிறவர்களுக்கு ஏற்றது. விதி ஒன்றே ஒன்று: காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள். உச்சி நூறு அடியில் இருந்தாலும் சரிதான்.

நான் போன அன்று இந்த விதியை மீறினேன். காலை ஒரு வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். மேலே போனதும் தௌலாதார் மலைச்சுவர் பனியோடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. இறங்க மனசே வரவில்லை. நாலரை மணிக்கு ஆலங்கட்டி மழை. மலையில் கோடைக்காலத்துப் பிற்பகல் அப்படித்தான். பாறைக்கு அடியில் ஒதுங்கி, மழை விட்டு இறங்க ஆரம்பித்தபோது வெளிச்சம் போய்விட்டது. போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். குளிர் பேட்டரியைத் தின்றுவிடும் என்பது அன்றுதான் புரிந்தது. ஹெட்லேம்ப் கட்டாயம் என்று சொன்னது இதனால்தான்.

கீழே மணிச் சத்தம் கேட்டது. கத்தி (Gaddi) என்ற மலைச் சமூகத்து ஆட்டிடையர் ஒருவர், கூடவே இரண்டு நாய். நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போட்டுக்கொண்டே போவதைப் போல, இவர்கள் குளிர்காலத்தில் அடிவாரத்துக்கு இறங்கி, கோடையில் 4,342 மீட்டர் உயர இந்திரஹார் மாதிரியான கணவாய்களைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்வெளிக்குப் போகிறவர்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கோலை என் கையில் கொடுத்து, "சின்ன அடி, குதிகாலை முதலில் ஊன்று" என்று மட்டும் சொல்லி, கீழே பாதையில் உள்ள கோயில் வரை கூட வந்தார். அந்த நடையைத்தான் இன்றைக்கும் நடக்கிறேன்: இறங்கும்போது முழங்காலை லேசாக மடக்கி, அடியைச் சுருக்கி, ஈரப் பாறையை விட்டு மண்ணைப் பார்த்து.

கிளம்பும் முன் வீட்டுக்காரரிடம் பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு வராவிட்டால் 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பனி இருக்கும் கணவாய்களுக்குத் தனியாகப் போகவே வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மணாலியிலும் உத்தரகாசியிலும் உள்ள மலையேற்ற நிறுவனங்கள் ஏறத்தாழ நாலு வாரத்துக்கு அடிப்படைப் பயிற்சி தருகின்றன. உத்தரகாசி நிறுவனம் 1965-லிருந்து நடக்கிறது.

படி 7: உயரம்

ஜூன் கடைசியில், மழை பிடிக்கும் முன், காசா இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனேன். மழைமறைவுப் பிரதேசம், இமாச்சலம் முழுக்க நனையும்போதும் அங்கே வெயில் அடிக்கும். ஆனால் போகும் சாலைகள் மழையில் சரியும். 2023 ஜூலையில் குல்லு மணாலிப் பக்கம் வந்த வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள். மழை நாட்களில் பயணத் தேதியைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

காசா சுமார் 3,700 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மணாலியிலிருந்து ஒரே நாளில் ஏறிவிடலாம், பலர் அப்படிப் போய் முதல் ராத்திரியே தலைவலியிலும் வாந்தியிலும் கிடக்கிறார்கள். சிம்லா, கல்பா, தாபோ என்று ஒவ்வோர் ஊரிலும் ஓரிரு ராத்திரி தூங்கி ஏறுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தாபோவில் 996-ல் தொடங்கிய மடாலயம் இருக்கிறது, அதன் மண் சுவர் ஓவியங்களைப் பார்க்கவே இரண்டு நாள் வேண்டும்.

தலைவலி, பசியின்மை, குமட்டல் இருந்தால் இன்னும் மேலே ஏறாதீர்கள். நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடந்து பாருங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இந்த உயர நோய்க்கு மாத்திரை எடுப்பது பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

படி 8: கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் வேலை

காசாவில் ஒரு விடுதியில் ஐந்து வாரம் தன்னார்வலராக இருந்தேன். ஒர்க்அவே, வேர்ல்ட்பேக்கர்ஸ் தளங்களில் இப்படி இடங்கள் கிடைக்கும். பல விடுதிகள் நேராகக் கேட்டாலும் எடுப்பார்கள். வழக்கமாக நாளைக்கு நாலைந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள். காலை ஆறரைக்கு அடுப்பங்கரையில் மாவு பிசைவேன், பத்து மணிக்கு விரிப்பு மாற்றுவேன், மதியத்துக்கு மேல் என் கோப்பு வேலை. உறைகுளிர் நீரில் கழுவிய விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவோம். அந்த வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும்.

போகும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்: எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுமுறை, எத்தனை வேளைச் சாப்பாடு, தனிக் கட்டிலா. இது சம்பளமில்லாத வேலை. எட்டு மணி நேரம் கேட்டால் அது உழைப்புச் சுரண்டல், மறுநாளே பையைக் கட்டுங்கள். கையில் நாலைந்தாயிரம் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும், இணையம் போனால் யுபிஐயும் போகும்.

படி 9: வீடு

தினம் ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்குப் போன். "சாப்பிட்டியாடி? என்ன சாப்பிட்டே?" அவ்வளவுதான் பேச்சு. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகும் முன், "ரெண்டு நாள் பேச முடியாதும்மா, வியாழக்கிழமை கூப்பிடுறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன வியாழக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள்.

செப்டம்பரில் மழை ஓய்ந்ததும் ஜிபிக்கு வந்துவிட்டேன். அக்டோபரில் ஆப்பிள் லாரிகள் இறங்கும் சாலையைப் பார்த்தபடியே கடைசி வேலைகளை முடித்தேன். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், தீபாவளிக்கு ஊர் திரும்ப நினைத்தால் திறக்கும் அன்றைக்கே, காலை எட்டு மணிக்கு, இணையம் நன்றாக வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள்.