மலையேறும் முன் கடைசி வாரம்: சேர்வராயன் மலைக்குப் போகும் இளைஞர் குழுவுக்கு ஒரு செய்முறை

மன்றத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், மூன்று நாள், முதுகில் பையோடு சேலத்திலிருந்து நடந்தே ஏற்காடு ஏறி இறங்குவது என்று முடிவாகிவிட்டது. தேதி குறித்தாயிற்று, வழியும் பேசியாயிற்று. மீதி இருப்பது ஒரு வாரம். வாட்ஸ்அப் குழுவில் "அண்ணா, டார்ச் வாங்கணுமா?", "அக்கா, எத்தனை சட்டை எடுக்கட்டும்?" என்று கேள்விகள் கொட்டுவது இந்த வாரத்தில்தான். இதைக் கடைக்கு ஓடும் வாரமாக ஆக்கிவிடாதீர்கள். தேவையான பொருளில் பாதி யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் ஏற்கெனவே கிடக்கும். பையில் திணித்ததில் பாதி தேவையே இருக்காது. முதல்முறையாகக் குழுவை அழைத்துப் போகிறவர்களுக்காக நாள் வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: ஏழு நாள் முன்பு, தாள் வேலை

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. "நம்ம ஊர் மலைதானே, யார் கேட்கப் போறாங்க" என்று சொல்கிறவர் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. சேலம் பக்கம் குண்டூர் பாதை அதில் இருக்கிறது. உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார் என்பதால் புதியவர்களுக்கு இதுதான் நல்லது. வேறு வழியில் போவதாக இருந்தால் சேலம் வனக்கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோடையில் தீ பரவும் காலத்தில் மலையேற்றத்தையே நிறுத்திவைப்பார்கள் என்பதால், கையில் அனுமதி இருந்தாலும் புறப்படும் வாரத்தில் இன்னொருமுறை போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். எல்லோரிடமும் ஒரு பக்கத் தாளில் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை, வீட்டார் இருவரின் எண் ஆகியவற்றை வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு மாதிரி விஷயங்களைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தனியாகக் கேளுங்கள். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாய் நாள் பற்றி ஓர் அக்கா பேசட்டும்.

இரவு தங்கும் இடத்துக்கும் மறுபடி ஒரு போன் போடுங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கூடாரம் போட முடியாது. ஆகவே எஸ்டேட்டோ விடுதியோ மலைக்கிராமத்து வீடோ, ஏதோ ஒன்றை முன்பே பேசியிருப்பீர்கள். குடிநீர், கழிவறை, சமைக்க அடுப்பு மூன்றும் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டால் பின்னால் வரும் பல படிகள் சுலபமாகிவிடும்.

படி 2: நேரக் கணக்கு

"காலையில கிளம்பினா மத்தியானம் மேல போயிடலாம்" என்பது கணக்கல்ல. மலைநடைக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறவேண்டியது கிட்டத்தட்ட 1,200 மீட்டர். நடைவழி 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம், ஏற்றத்துக்கு இரண்டு மணி, ஆக மூன்றரை மணி நேரம் சொச்சம்.

இது பழகியவர்கள் நடக்கும் வேகம். சுமையோடு வரும் புதியவர்களுக்கு இதை ஒன்றரை மடங்காக்குங்கள், ஐந்தே கால் மணி நேரத்தைத் தாண்டும். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி சேர்த்தால் காலை ஏழு மணிக்கு அடிவாரத்தை விட்டவர்கள் ஒன்றரை, இரண்டுக்குத்தான் மேலே போய்ச் சேருவார்கள். மூன்று நாளுக்கும் இப்படியே கணக்குப் போடுங்கள். நான்கு மணிக்கு மேல் நடக்கிற மாதிரி எந்த நாள் வந்தாலும் அந்த நாளின் தூரத்தைக் குறையுங்கள். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது.

யாருக்காவது முடியாமல் போனால் எந்த இடத்தில் தார்ச்சாலையைப் பிடிக்கலாம் என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் பேருந்து இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு என்பதால் வாந்தி வருகிறவர்களுக்கு மாத்திரை மட்டும் எடுத்துவையுங்கள்.

படி 3: ஐந்து நாள் முன்பு, பையைப் பிரித்துப் போடுதல்

ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள். எல்லோரும் முழுதாக அடுக்கிய பையோடு மன்றத்துக்கு வரவேண்டும். தரையில் பாய் விரித்து, பையில் இருப்பதை ஒன்று விடாமல் வெளியே எடுத்துப் பரப்பவேண்டும். கேலி கிண்டல் இருக்கத்தான் செய்யும், இருந்தாலும் மறைக்க விடாதீர்கள்.

வழக்கமாக என்னென்ன வெளியே வரும் தெரியுமா? இரண்டு ஜீன்ஸ், குளியலறையில் தொங்கும் பெரிய டர்க்கி டவல், அரை லிட்டர் ஷாம்பு, ப்ளூடூத் ஸ்பீக்கர், அம்மா ஆசையாகக் கொடுத்துவிட்ட எவர்சில்வர் தூக்கில் முறுக்கு. ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயவே காயாது, தொடையை உரசிப் புண்ணாக்கும். அதற்குப் பதில் டிராக் பேன்ட் போதும். டவலுக்குப் பதில் ஓர் ஈரிழைத் துண்டு. துவட்டலாம், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், அடிபட்டால் கையைத் தொங்கவிடவும் ஆகும். முறுக்கைத் தூக்கிலிருந்து துணிப்பைக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர் வீட்டுக்குப் போகட்டும். காட்டில் சத்தம் வேண்டாம்.

பாயில் கட்டாயம் இருக்க வேண்டியவை: நடக்க இரண்டு செட் துணி, தூங்க மட்டும் தனியாக ஒரு செட், மூன்று ஜோடி பருத்தி அல்லாத சாக்ஸ், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, தொப்பி, டார்ச், விசில், தட்டு, டம்ளர், இரவுக்குப் போர்வையோ தூக்கப்பையோ. சேலத்து வெயிலில் நின்றுகொண்டு அடுக்கும்போது ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் தோன்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் மேலே எப்படியும் ஏழெட்டு டிகிரி குறைவு. டிசம்பர், ஜனவரி இரவென்றால் நடுங்க வைக்கும்.

அடுத்தது எடை. பழைய பேப்பர் கடையில் பார்த்திருப்பீர்களே, கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் தராசு, அதில் ஒன்று கிடைத்தால் போதும். தண்ணீரையும் சேர்த்துப் பை, சுமப்பவரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பது கிலோ இருக்கிற பிள்ளைக்குப் பத்து கிலோ. தாண்டினால் மறுபடி பாய்க்கு வரவேண்டியதுதான்.

கடைசியாக, பொதுப் பொருள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பற்பசை எதற்கு? பற்பசை, சோப்பு, சன்ஸ்க்ரீன், பவர் பேங்க், கத்தி, கயிறு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி, எது யார் பையில் என்று பெயர் போடுங்கள். ஆளுக்கு ஒரு கிலோவாவது குறையும். டார்ச், விசில், மழைக்கோட்டு மட்டும் பொதுவில் வைக்கக் கூடாது, அவரவரிடம் இருக்க வேண்டும்.

படி 4: திரும்ப அடுக்குதல்

பிரித்த அன்றே, அங்கேயே, எல்லோரும் ஒன்றாக அடுக்குங்கள். பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். பைக்குள்ளேயே கனமான பெரிய பாலிதீன் உறை ஒன்றை விரித்து, அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். குப்பைக்கு வாங்கும் மெல்லிய கறுப்பு உறை முதல் நாளே கிழிந்துவிடும்.

அடியில் போர்வையும் இரவுத் துணியும். இடையில் கனமானவை, அதாவது அரிசி, ரவை, பாத்திரம், தண்ணீர். இவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரவேண்டும். கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னால் இழுக்கும், ஏற்றத்தில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். அவற்றைச் சுற்றி மாற்றுத் துணியைத் திணித்தால் உள்ளே ஆடாது. மேலே மழைக்கோட்டு, ஸ்வெட்டர், மருந்துப் பை. நொறுக்குத்தீனியும் விசிலும் கைக்கு எட்டும் இடத்தில். பைக்கு வெளியே செருப்பு, டம்ளர் என்று எதையும் தொங்கவிடாதீர்கள், புதரில் மாட்டும்.

மாட்டுவதற்கும் வரிசை உண்டு. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு வார். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை இறுக்கிய பிறகு தோள் வார், அப்புறம் தோளுக்கு மேலே பையை முதுகோடு இழுக்கும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். சரியாக இருந்தால் தோளுக்கும் வாருக்கும் இடையே விரல் நுழையும், கனம் முழுக்க இடுப்பில் தெரியும். "தோள் வலிக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால் பத்தில் எட்டு முறை இடுப்பு வார்தான் கீழே இறங்கியிருக்கும்.

படி 5: நான்கு நாள் முன்பு, சுமை நடை

அடுக்கிய பையோடு ஒருமுறை ஏறிப் பார்த்தே ஆகவேண்டும். அம்மாப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்குக் குமரகிரிப் படிக்கட்டு வசதி. வெயிலுக்கு முன் போய் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குங்கள், சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழிவிட்டு. மலைக்குப் போடும் அதே ஷூ, அதே சாக்ஸ். இந்த வாரம் வாங்கிய புது ஷூவோடு யாராவது வந்தால், பழைய ஷூவையே போடச் சொல்லுங்கள். அடிப்பாகம் தேயாமல், பிசின் விடாமல் இருந்தால் போதும். இறங்கும்போது விரல் முன்னால் இடித்தால் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். நகத்தையும் இன்றே வெட்டச் சொல்லுங்கள், கிளம்பும் நாள் காலையில் வெட்டினால் சதையோடு வெட்டிக்கொள்வார்கள்.

குதிகாலில் சுரீர் என்றால் உடனே நின்று அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. இதை இங்கேயே பழக்கிவிடுங்கள். மலையில் கூச்சப்பட்டுச் சொல்லாமலே நடப்பார்கள்.

படி 6: மூன்று நாள் முன்பு, சாப்பாடு

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். கேஸ் சிலிண்டரைப் பேருந்தில் ஏற்றவும் முடியாது. ஆகவே வழியில் சமைக்காமல் சாப்பிடும் உணவு, தங்கும் இடத்தில் மட்டும் சமையல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியத்துக்குப் புளிசாதம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறிய பிறகு கட்டினால் மாலைவரை தாங்கும். தயிர்சாதம், தேங்காய்ச் சட்னி இரண்டும் வேண்டாம். இரண்டாம் நாள் மதியத்துக்குக் காலையில் சுட்ட சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். மூன்றாம் நாளுக்கு அவல். தண்ணீர் தெளித்து, வெல்லமும் பொட்டுக்கடலையும் கலந்தால் சாப்பாடு தயார். நடக்கும்போது கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சை, வறுத்த கடலை. இரவுக்கு வறுத்த ரவை, சேமியா, பருப்புசாதப் பொடி. உப்புமாவுக்கு ஆளுக்கு நூறு கிராம் ரவை என்று நான் கணக்கு வைப்பது. பையன்கள் அதிகமென்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மளிகையை லீ பஜார் பக்கம் மொத்தமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதை அப்படியே பையில் போடாதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று ரவை, கடுகு, மிளகாய், உப்பு எல்லாம் சேர்த்துக் கட்டி, மேலே "சனி இரவு" என்று எழுதுங்கள். இருட்டில் பன்னிரண்டு பையையும் குடைந்து கடுகு தேடும் கொடுமை இருக்காது. பிஸ்கட் கவர் உட்பட எல்லாக் குப்பையும் கீழே வந்தாக வேண்டும், அதற்கு ஒரு காலிச் சாக்கு.

படி 7: தண்ணீரும் மருந்தும்

ஆளுக்கு மூன்று லிட்டர் கொள்ளும் பாட்டில்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை எடைக் கணக்கில் மறக்காதீர்கள். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும் அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். காபித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை என்றால் இரண்டுமே உதவாது. செடிக்கு அடித்த மருந்து கலந்திருந்தால் கொதித்தாலும் போகாது. ஊர்க் குழாயிலோ எஸ்டேட்டிலோ கேட்டு நிரப்புங்கள்.

மருந்துப் பையில் பாராசிட்டமால், உப்புக்கரைசல் பாக்கெட், பஞ்சு, துணிக்கட்டு, பிளாஸ்திரி, கிருமிநாசினி, கிரேப் பேண்டேஜ். பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிவந்து 108ஐ அழைக்க வேண்டும். இதை எல்லோரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

படி 8: இரண்டு நாள் முன்பு, அரை மணி நேரப் பேச்சு

சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. தூரத்தில் பார்த்தால் நின்று, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி, அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். செல்ஃபிக்குக் கிட்டே போகிறவனை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குரங்குக்கு முன் தீனிப் பையைப் பிரிக்கக் கூடாது. தேன்கூடு தெரிந்தால் வாசனைத் தைலமும் கூச்சலும் கூடாது. மழை விட்ட நாட்களில் அட்டை ஏறும், அதற்குக் கொஞ்சம் உப்பு.

மலைக்கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள், கேரளத்து மலையாளிகள் அல்ல. வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்கும் முன் கேட்க வேண்டும். சேர்வராயன் கோவிலுக்குப் போனால் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே. முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், முன்னால் போகும் பெரியவரை யாரும் முந்தக் கூடாது, கடைசியில் வரும் பெரியவருக்குப் பின்னால் யாரும் தங்கவும் கூடாது. மூன்று விசில் ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும்.

படி 9: முந்தின நாள்

போனில் வரைபடத்தை இறக்கிவைத்து, சார்ஜ் ஏற்றி, வழியில் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். வானிலையைப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கும் முடிவை இரவு எட்டு மணிக்குள் எடுத்துச் சொல்லிவிடுங்கள், காலையில் அடிவாரத்தில் நின்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

சேலத்தில் இருக்கப்போகிற ஒருவரிடம், குழுவில் வராத ஒருவரிடம், பெயர்ப் பட்டியல், வழி, தங்கும் இடங்களின் எண், வழிகாட்டியின் எண், அனுமதியின் நகல் எல்லாம் கொடுங்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு அவரைக் கூப்பிடுவதாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏழு மணிவரை போன் வராவிட்டால் அவர் தங்கும் இடத்தையும் வழிகாட்டியையும் அழைக்க வேண்டும். எட்டு மணிக்கும் தகவல் இல்லையென்றால் வனச்சரக அலுவலகத்தையும் 112ஐயும் அழைக்க வேண்டும். பெற்றோர் யாரும் உங்களை நேரடியாகக் கூப்பிடாமல் இவரிடமே விசாரிக்கட்டும். இவர் எண்ணைச் சம்மதக் கடிதத்தின் நகலிலேயே எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.