பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: முதல் முறை நிறுவுபவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை அவகாசம் உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2018-ல் புதிதாக விற்ற ஐ3-7020யு லேப்டாப்புகளே இதில் தேறாது. நம் ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் கையில் நிறைய இருந்த ஐ3-6006யு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விசைப்பலகை, திரை எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு இயந்திரத்தை மென்பொருள் காரணமாக ஓரங்கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். அப்புறம் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கொண்டுவந்தவற்றிலும் போட்டுக்கொடுத்தேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெர்மினலில் ஒரு கட்டளைகூடத் தட்டத் தேவையில்லாத வழியையே சொல்லப்போகிறேன். பயாஸ் என்றால் என்ன, கோப்பை எப்படி நகலெடுப்பது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாறலாமா என்று முதலில் பாருங்கள்

பிரவுசர், யூடியூப், மின்னஞ்சல், வேர்டு, எக்ஸல் அளவில் வேலை என்றால் தாராளமாக மாறலாம். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், கோரல்டிரா இவற்றில்தான் பிழைப்பு ஓடுகிறது என்றால் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விடுங்கள். வருமான வரி, ஜிஎஸ்டி வேலைக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கொடுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எந்த மின்ட்?

இந்தக் குறிப்புகள் 2025 செப்டம்பரில் வந்த மின்ட் 22.2-ஐ வைத்து எழுதியவை. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் வரும். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் உண்டு. 8 ஜிபி ராம் இருந்தால் சினமன், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மாட்டே நல்லதுதான், ஆனால் முதல் முறை வருபவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. இன்னொரு லினக்ஸான உபுண்டுவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட்டின் மெனுவும் கீழ்ப்பட்டையும் உடனே பிடிபடும். வீட்டில் பெரியவர்களும் பயன்படுத்தும் கணினி என்றால் இது பெரிய விஷயம்.

ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள்

பழைய ஹார்டு டிஸ்க்கோடு வந்த லேப்டாப் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும். வேகம் கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் பாதுகாப்பும் இருக்கிறது. கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் உங்கள் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். மின்ட் பிடிக்கவில்லை என்றால் அதைத் திரும்ப மாட்டினால் பழைய நிலைமை வந்துவிடும். ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைக்கும் டூயல் பூட் முறையைப் புதியவர்களுக்கு நான் சொல்வதே இல்லை.

எஸ்எஸ்டி வாங்கவில்லை என்றால் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்த பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும்.

*பின்னர் சேர்த்தது:* நகலெடுத்த கோப்புகள் திறக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய டெஸ்க்டாப் முழுக்க ஒன்டிரைவில் இருந்தது. கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது என்று பொருள். வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்து, முழுதாக இறங்கிய பிறகு நகலெடுங்கள்.

பதிவிறக்கமும் பென்டிரைவும்

மின்ட் தளத்திலிருந்து நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், சுமார் 3 ஜிபி வரும். இறக்கியதும், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பைத் தாண்டிப்போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றிப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். அதை இறக்கியவர்களுக்குத் திரையில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ பட்டியலில் எஸ்ஹெச்ஏ-256-ஐத் தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட எண்ணும் தளத்தில் கொடுத்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

ஐஎஸ்ஓவிலிருந்து கணினியை எழுப்பும் பென்டிரைவைத் தயாரிக்க என் தேர்வு வென்டாய். ரூஃபஸ், எட்சர் இரண்டும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் பென்டிரைவை மறுபடி எழுத வேண்டும். வென்டாயை ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பு போல நகலெடுத்துப் போட்டால் போதும். சினமன், எக்ஸ்எஃப்சிஇ இரண்டையும் போட்டுவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வென்டாயை நிறுவும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வென்டாய் முதல் முறை நீலத் திரையில் பாதுகாப்பு மீறல் என்று ஒரு செய்தி காட்டும். பயப்பட வேண்டாம். ஓகே கொடுத்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் என்பதற்குப் போய், அந்தப் பென்டிரைவில் இருக்கும் சாவிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ரீபூட் கொடுங்கள். அந்தக் கணினியில் மறுபடி கேட்காது.

பென்டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள்

கணினி எழும்போது பூட் மெனுவைத் திறந்து பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான விசை டெல், லெனோவாவில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் இயக்க வேண்டும்.

மின்ட் எதையும் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிப்பது எல்லாவற்றையும் இங்கேயே சோதியுங்கள். வைஃபை வரவில்லை என்றால் ஃபோனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்வு இருக்கும்.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை!

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். வைஃபை வந்தது, ஒலி வந்தது, எல்லாம் சரி. நிறுவியைத் திறந்தால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் பட்டியலில் பென்டிரைவ் மட்டும் இருந்தது. உள்ளே இருக்கும் டிஸ்க் பெயருக்குக்கூட இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயம் வந்துவிடும். விண்டோஸ் அதே டிஸ்க்கிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது.

காரணம் பயாஸில் இருக்கிறது. சில லேப்டாப்புகள் டிஸ்க் கட்டுப்பாட்டை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறையில் வைக்காமல், இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற முறையில் வைத்து விற்பனைக்கு வருகின்றன. டிஸ்க்கை வேகப்படுத்தும் இன்டெல்லின் ஆப்டேன் நினைவகம் உள்ள மாடல்களில் இது சகஜம். அந்த முறையில் டிஸ்க் ஆர்எஸ்டியின் பின்னால் மறைந்துகொள்ளும், மின்ட்டின் நிறுவிக்கு நேரடியாகத் தெரியாது. ஏஹெச்சிஐக்கு மாற்றிவிட்டால் உடனே தெரியும்.

பயாஸில் சாட்டா மோடு, ஸ்டோரேஜ், விஎம்டி என்று ஏதாவது ஒரு பெயரில் இந்த அமைப்பு இருக்கும். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால், மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். சில மாடல்களில் இந்த வரி மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அப்போதுதான் வெளியே வரும்.

மாற்றும் முன் மூன்று விஷயம்:

விண்டோஸை முழுதாக அழிக்கப்போகிறீர்கள் என்றால் நேராக மாற்றிவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

விண்டோஸும் இருக்கட்டும் என்றால் அப்படியே மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து, மறுதொடக்கம் கொடுத்து நேராக பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்து புதிய முறையைப் பழகிக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

ஹார்டு டிஸ்க்கோடு ஆப்டேன் சேர்ந்திருந்தால், விண்டோஸில் இருக்கும் ஆப்டேன் அல்லது ஆர்எஸ்டி செயலியில் போய் முதலில் ஆப்டேனை முடக்குங்கள். முடக்காமல் முறையை மாற்றினால் கோப்புகளுக்குச் சேதம் வரலாம்.

*பின்னர் சேர்த்தது:* சேஃப் மோடில் நாலு இலக்கப் பின் எண்ணை விண்டோஸ் ஏற்காமல் போகலாம். கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்னாடியே ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். இதனால் மாட்டிக்கொண்டதாக ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள்.

நிறுவுதல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. விசைப்பலகை கேட்கும் இடத்தில் இங்கிலிஷ் யூஎஸ் என்றே விடுங்கள். ஆசைப்பட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கடவுச்சொல் தட்டும்போது தவிக்க நேரும். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக்குகளை டிக் செய்யுங்கள். புதிய எஸ்எஸ்டி என்றால் டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு என்பதைக் கொடுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா.

முடிந்து உள்ளே வந்ததும் டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதற்கு அப்புறம்தான் அப்டேட் மேனேஜர். பின்னால் எதையாவது மாற்றிக் கெட்டுப்போனாலும் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

தமிழ் தட்டச்சு

விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் என்ஹெச்எம் ரைட்டர் லினக்ஸுக்கு இல்லை. பலர் இங்கேயே மனம் விட்டுத் திரும்பிப்போகிறார்கள், அப்படிப் போகத் தேவையே இல்லை. மென்பொருள் மேலாளரில் ஐபஸ் எம்17என் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் என்று பல தெரியும். உங்களுக்குப் பழகியது எதுவோ அது. மொழி மாற்றும் விசை சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸ் என்று இருக்கும். சூப்பர் விசைதான் மெனுவையும் திறக்கும் என்பதால் நான் கன்ட்ரோல் ஸ்பேஸாக மாற்றிக்கொள்கிறேன்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. கீபோர்டு அமைப்புகளின் லேயவுட் பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு விசைக்கு ஒரு குறி மட்டுமே வரும், தமிழ்99-இன் உயிரான தானியங்கிப் புள்ளி வராது. சரியானதுதான் இயங்குகிறதா என்று பார்க்க அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டுங்கள். அம்மா என்று வந்தால் எல்லாம் சரி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து வந்த விசைப்பலகை இது. இன்னும் பழகாதவர்கள் மாறும் கையோடு இதையும் பழகிவிடுங்கள் என்பேன்.

பாமினி, வானவில் எழுத்துருவில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்துவந்து இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரே ஆபிஸில் படிக்கலாம். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்விகளில் வந்தவை

*2 ஜிபி ராம் போதுமா?* மின்ட் எழுந்துவிடும், குறைந்தபட்சத் தேவையே அதுதான். ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். 4 ஜிபி ஆக்கிவிட்டு நிறுவுங்கள்.

*பிரிண்டர்?* இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள், நியாயம்தான். நெட்வொர்க்கில் இணையும் புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு ஹெச்பிலிப் கருவியில் போய் கூடுதல் பிளக்இன்னை ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900 வேறு ரகம். அது கேப்ட் என்ற தனி மொழியில்தான் பேசும், லினக்ஸில் அதை இயக்கக் கட்டளைகள் தட்ட வேண்டிவரும். கடையில் அந்த பிரிண்டர்தான் இருக்கிறது என்றால், அது இணைந்திருக்கும் கணினியை மட்டும் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.