மான் வேட்டைக்குப் பரண் வாங்கும் முன்

போன அக்டோபரில் நம் தமிழ் நண்பர்கள் இரண்டு பேர் மிச்சிகனில் முதல்முறையாக மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருந்தார்கள். காரின் பின்னால் மரத்தில் ஏறி உட்காரும் புத்தம்புதுப் பரண், பெட்டி கூடப் பிரிக்கவில்லை. "எந்த மரத்துல ஏறப் போறீங்க?" என்றேன். "போய்ப் பாத்துக்கலாம்ணே" என்றார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

தோட்டா போட்ட துப்பாக்கியோடு ஏறக்கூடாது, இடுப்புப் பெல்ட் போதாது, விழாமல் தாங்கும் முழு உடல் ஹார்னெஸ் வேண்டும் என்பதையெல்லாம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். பரணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மரத்தைப் பார்க்காமல் பரண் வாங்குவது

கடையில் முக்கியமாக மூன்று வகை இருக்கும். லேடர் ஸ்டாண்ட், ஏணியோடு சேர்ந்த இருக்கை. கனம் அதிகம், நிமிர்த்த மூன்று பேர் வேண்டும். ஹேங்-ஆன், பெல்ட் போன்ற பட்டையால் மரத்தில் இறுக்கிக் கட்டும் சின்ன மேடை; ஏறுவதற்குப் படிகள் தனியாக வாங்க வேண்டும். க்ளைம்பர், இரண்டு துண்டு. மேல் துண்டைக் கையால் உயர்த்தி, கீழ்த் துண்டைக் காலால் இழுத்துக்கொண்டு, கம்பளிப்புழு மாதிரி ஏறலாம்.

புதிதாக வருகிறவர்கள் க்ளைம்பரைத்தான் தூக்குகிறார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு எங்கேயும் போகலாமே! போகலாம். ஆனால் அதற்கு நேரான, பதினைந்து இருபது அடி வரை கிளையே இல்லாத, அளவான பருமனுள்ள மரம் வேண்டும். நான் வேட்டையாடிய காட்டில் ஓக் மரங்கள் ஆள் உயரத்திலேயே கவை பிரிந்திருந்தன. வெள்ளைப் பைனில் அடியிலிருந்தே கிளை. மிச்சம் இருந்தது ஷாக்பார்க் ஹிக்கரி. பட்டை பலகை பலகையாகப் பெயர்ந்து தொங்குகிற மரம். துப்பாக்கி சீசன் தொடங்கும் நவம்பர் 15 அன்று விடியுமுன் இருட்டில் அதில்தான் ஏறினேன். எட்டடி உயரத்தில் பரணின் பல் கடித்திருந்த பட்டை அப்படியே உரிந்துவந்தது. கீழ்த் துண்டு ஒரு சாண் சறுக்கி நின்றது. ஹார்னெஸ் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றேன். அப்புறம் அங்குலம் அங்குலமாக இறங்கினேன். 300 டாலர் கொடுத்து வாங்கிய பரண் பல வருஷம் பேஸ்மென்டில் கிடந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஆஷ் மரம். நேராக, கிளையில்லாமல், க்ளைம்பருக்கென்றே வளர்த்தது போல நிற்கும். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டை 2002இல் இதே மிச்சிகனில்தான் அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தார்கள். அது ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் சீக்கிரமே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது. நண்பர்கள் இரண்டு பேரும் பையை இறக்கிவைத்தது அப்படி ஒரு மரத்தடியில்தான். பட்டையில் ஆங்கில டி எழுத்துப் போல, மிளகைவிடச் சின்னதாக அந்த வண்டு போட்ட ஓட்டைகள். விரலை வைத்துக் காட்டினேன். எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் இல்லை, இதைச் சொல்லாமல் பரணை விற்றவர் மேல்.

இலை விடுவதற்கு முன், மார்ச் ஏப்ரலில் காட்டுக்குள் நடந்து, உயிருள்ள மரமாக மூன்று பார்த்து வையுங்கள். டேப்பைச் சுற்றிப் பிடித்து, வந்த அளவை மூன்றால் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ வந்துவிடும். எந்தப் பருமனுக்கு ஆகும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். கோணல் மரமென்றால் ஹேங்-ஆன். ஒரே இடத்தில் வருஷா வருஷம் உட்காரப் போகிறீர்கள் என்றால் லேடர் ஸ்டாண்ட்.

க்ளைம்பருக்கு ஏற்ற மரமே கிடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். மேலே போகப் போக மரம் மெலியும். தரையில் மட்டமாகப் பொருத்தினால் உச்சியில் மேடை வெளிப்பக்கம் சரிந்துவிடும். தரையிலேயே முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள். இரண்டு துண்டையும் கயிற்றால் பிணைத்துவிடுங்கள். கீழ்த் துண்டு நழுவி விழுந்துவிட்டால் மரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

எடை

பரண் 300 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருந்தால், அதில் குளிர் உடுப்பு, பூட்ஸ், துப்பாக்கி, பை எல்லாம் அடக்கம்.

பழைய பரண்

மரத்தில் கட்டும் பெல்ட் பட்டையை அணில் கடித்திருக்கும், வெயில் தின்றிருக்கும். வாங்காதீர்கள்.

லைஃப்லைன் வாங்காமல் விடுவது

ஹார்னெஸ் பெரும்பாலும் பரணோடு வரும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் பிடிமானம் இல்லை. லேடர் ஸ்டாண்டோ ஹேங்-ஆனோ வாங்கினால், தரையிலிருந்து உச்சி வரை கட்டும் லைஃப்லைன் கயிற்றையும் அதே பில்லில் போடுங்கள்.

பொது நிலம்

மிச்சிகனில் அரசு நிலத்தில் மரத்துக்குள் திருகும் படிகளுக்குத் தடை. படி வாங்கும்போதே பட்டையால் கட்டுகிற வகையாகப் பாருங்கள்.

காற்று

நண்பர்கள் வாங்கியிருந்ததும் க்ளைம்பர்தான்; பெட்டி பிரிக்காததால் கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்காரரிடம் கேட்டு, மான் தடத்துக்குக் கிழக்கே நின்ற ஒரு வெள்ளை ஓக்கில் மூன்று பேருமாக லேடர் ஸ்டாண்டை நிமிர்த்தினோம். மேற்குக் காற்றில் நம் வாடை தடத்துக்குப் போகாது. கிழக்குக் காற்று வீசும் நாளில் அதில் ஏற வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.